ஆமா போடும் பந்தல்

கேள்வி – பதில்

மேடையில் நடப்பதையும் எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தையும் உணர்ந்து, தன் சுவரையும் கூரையையும் வெளிச்சத்தையும் மாற்றிக்கொள்ளும் அரங்குகளைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை வெளியிட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குமரி மாவட்டத்துக் கடிதங்கள். வில்லிசையும் (வில்லுப்பாட்டு) கொடையும் (ஊர்க்கோவில் விழா) திருவிழா மேடைகளும் ஊர்தோறும் இருக்கிற மாவட்டம் என்பதால் கேள்விகளும் கையைக் கட்டிக்கொண்டு யோசிப்பவர்களின் கேள்விகளாக இல்லை, ஏணியில் ஏறி நிற்பவர்களின் கேள்விகளாக இருந்தன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

நாகர்கோவில், கட்டடக்கலை இறுதியாண்டு மாணவி: கைதட்டினால் நிறம் மாறும் எல்.இ.டி. சுவர் ஒன்றை ப்ராஜெக்டாகச் செய்தேன். “இது அலங்காரம்தானே, கட்டடம் எங்கே பதில் சொல்கிறது?” என்று பரீட்சையில் கேட்டுவிட்டார்கள். என்ன வித்தியாசம்?

நியாயமான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். தட்டினால் நிறம் மாறுவது சுவிட்சின் வேலை. பத்தாவது தட்டுக்கும் முதல் தட்டுக்கும் அந்தச் சுவர் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது. இதற்குள் என்ன நடந்தது என்பது அதன் நினைவில் இல்லை.

இங்கிலாந்தில் கார்டன் பாஸ்க் 1953-ல் செய்த ‘மியூசிகலர்’ இயந்திரத்தைப் படித்துப் பாருங்கள். மைக் வழியாக வாசிப்பவரின் இசையைக் கேட்டு, அதைச் சுருதி, தாளம் என்று வடிகட்டிகளில் பிரித்து வண்ண விளக்குகளை இயக்கியது. அதில் முக்கியமானது, வாசிப்பவர் ஒரே மாதிரி வாசித்துக்கொண்டிருந்தால் இயந்திரத்துக்குச் ‘சலித்துவிடும்’. விளக்குகள் மெல்ல அசையாமல் போகும். கலைஞர் வேறு ஏதாவது செய்து அதை எழுப்ப வேண்டும். ஆக, கலைஞர் இயந்திரத்தை மாற்ற, இயந்திரம் கலைஞரை மாற்றியது. அந்த வளையம்தான் விஷயம். பின்னால் 1960-களில் கட்டடக் கலைஞர் செட்ரிக் பிரைஸ், நாடக இயக்குநர் ஜோன் லிட்டில்வுட்டுக்காக வரைந்த ‘ஃபன் பேலஸ்’ திட்டத்திலும் பாஸ்க் இருந்தார். சுவர், தளம், படிக்கட்டு எல்லாம் கிரேனால் இடம் மாறும் அரங்கு அது. கடைசிவரை கட்டப்படவே இல்லை. ஆனாலும் இன்றுவரை எல்லோரும் அந்த வரைபடத்தைத்தான் புரட்டுகிறார்கள்.

உங்கள் ஊரிலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு அடி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போடுகிறார். அந்த ஆமாவில் ஏற்ற இறக்கம் உண்டு. கதை மந்தமானால் தூண்டிவிடும் ஆமா, சோகத்தில் அடங்கிய ஆமா, வேடிக்கையில் கேள்வியாக வளையும் ஆமா. முதல் பாட்டு அவருடையதாக ஒருநாளும் ஆகாது. ஆனால் அவர் இல்லாமல் புலவருக்குக் கதை நகராது. ஒரு அரங்கின் சுவருக்கும் கூரைக்கும் நாம் கேட்பது இந்த வேலையைத்தான்.

சுவரை உடைக்க வேண்டாம். மூன்று மாற்றங்கள் செய்தாலே போதும். கடைசி ஐந்து நிமிடத்துச் சத்தத்தின் சராசரியோடு ஒப்பிட்டு மட்டுமே அது பதில் சொல்லட்டும். ஒரே விதமான தூண்டல் தொடர்ந்தால் பதில் குறையட்டும். நிறத்தை மட்டும் மாற்றாமல், கேட்பவருக்கு உடம்பில் தெரிகிற ஏதாவது ஒன்றை மாற்றட்டும்: எதிரொலி, காற்றோட்டம், உட்காரும் இடத்தின் அளவு. மூன்றாவதில்தான் கட்டடக்கலை தொடங்குகிறது.

இரணியல் பக்கம், ஊர் சமுதாயநலக்கூடப் பொறுப்பாளர்: இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி போட முடியாது என்பதால் வில்லிசையை மண்டபத்துக்குள் மாற்றினோம். நீளம் 18 மீட்டர், அகலம் 10, உயரம் 5. சிமென்ட் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. சாயங்காலம் ஒத்திகையில் ஒரு சொல்லும் புரியவில்லை. ராத்திரி கூட்டம் நிரம்பியதும் அருமையாகக் கேட்டது. நடுச்சாமத்தில் ஆட்கள் கலைந்ததும் மறுபடி குழப்பம். மைக்செட்காரர் மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறோம். தவறு எங்கே?

மைக்செட்காரரை விட்டுவிடுங்கள். உங்களிடம் இருப்பது ஒரு மண்டபம் இல்லை, மூன்று மண்டபங்கள். ஆள் இல்லாத மண்டபம், பாதி நிரம்பிய மண்டபம், நிரம்பிய மண்டபம். மனித உடம்பும் உடுத்திய துணியும் ஒலியை உறிஞ்சும். ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1895-லிருந்து ராத்திரி ராத்திரியாக ஒரு விரிவுரை அறைக்குள் மெத்தைகளைச் சுமந்து வைத்தும் எடுத்தும், ஆர்கன் குழாயும் நிறுத்துக் கடிகாரமுமாக அளந்து கண்டுபிடித்த கணக்கு இன்றும் செல்லும்:

எதிர்முழக்க நேரம் (விநாடி) = 0.161 × கன அளவு (கன மீட்டர்) ÷ மொத்த உறிஞ்சும் பரப்பு (சதுர மீட்டர்).

ஒலி 60 டெசிபல் தணிய எடுக்கும் நேரம்தான் இது. உங்கள் மண்டபத்தின் கன அளவு 900. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 640 சதுர மீட்டர். பூசிய சிமென்ட் தன் மேல் விழும் ஒலியில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும். திறந்த ஜன்னலும் வாசலும் போன ஒலியைத் திருப்பித் தராது, ஆகவே அவற்றின் பரப்பு முழுவதும் உறிஞ்சல். 20 சதுர மீட்டர் திறப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், காலி மண்டபத்தின் உறிஞ்சல் 38.6. நேரம் 3.75 விநாடி. புலவர் “அம்மன்” என்று சொல்லி முடித்து அடுத்த நாலைந்து சொல் சொன்ன பிறகும் அந்த ‘அம்’ சுவரில் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு ஆளுக்கு 0.45 என்று வையுங்கள். 200 பேர் வந்தால் 90 கூடுகிறது. நேரம் 1.13 விநாடி. கதை சொல்ல நல்ல அளவு. நடுச்சாமத்தில் 60 பேர் மிச்சம் என்றால் 2.2 விநாடி. குழப்பம் திரும்பியதற்குக் காரணம் அந்த 140 பேர் எழுந்து போனதுதான். (தரையில் நெருக்கி உட்கார்ந்தால் ஆளுக்கான கணக்கு கொஞ்சம் குறையும். விசாலமாக உட்கார்ந்தால் கூடும்.)

ஆகவே போனவர்களுடைய வேலையைச் செய்ய ஏதாவது இறங்கி வர வேண்டும். மொத்தமாக 80 சதுர மீட்டர் கனத்த திரை போதும். இரண்டு நீளச் சுவர்களில் ஒவ்வொன்றிலும் 40. மடிப்பு விட்டுத் தொங்கும் கனத்த துணி நடுச்சுருதி ஒலியில் பாதியளவு உறிஞ்சும். 60 பேரோடு அந்தத் திரையும் இறங்கினால் நேரம் 1.4 விநாடிக்கு வந்துவிடும். கூட்டம் நிரம்பியிருக்கும்போது திரையைச் சுருட்டி மேலே ஏற்றிவிடுங்கள். அப்போதும் தொங்கினால் நேரம் ஒரு விநாடிக்கும் கீழே போய்க் குரல் உலர்ந்துவிடும். குலவை போட்டால் கூட முழங்காது. கொடைக்கு அது பெரிய நஷ்டம்.

செய்யும்போது தவறுகிற இடங்கள் இவை. முதலாவது, துணியைச் சுவரோடு ஒட்டிப் போடுவது. 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 70 செ.மீ. அதில் கால் பங்கு, அதாவது 15 முதல் 18 செ.மீ. இடைவெளி விட்டால்தான் துணி அந்த ஒலியைப் பிடிக்கும். ஒட்டிப் போட்டால் ஜால்ராவின் கூர்மை மட்டும் மங்கும், குடத்தின் முழக்கம் அப்படியே நிற்கும். பொதுவாகத் திரைபோட்ட மண்டபங்கள் ‘அடைத்த மாதிரி’ கேட்பதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது, இரண்டு மடங்கு துணி வாங்காமல் இழுத்து விறைப்பாகக் கட்டுவது. 40 சதுர மீட்டர் சுவருக்கு 80 சதுர மீட்டர் துணி வேண்டும், மடிப்பில்தான் உறிஞ்சல் இருக்கிறது. மூன்றாவது, விளம்பர ஃப்ளெக்ஸ். அது கையில் இருக்கிறது, செலவில்லை என்று பலர் அதைத் தொங்கவிடுகிறார்கள். பிளாஸ்டிக் பூச்சு மேல்சுருதியைத் திருப்பி அடிக்கும். வேண்டவே வேண்டாம்.

மோட்டார் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வருஷம் கயிறும் கப்பியும் போதும். சுவருக்கு ஒரு ஆள், கூட்டத்தைப் பார்த்து இறக்குவார். எத்தனை பேர் இருந்தபோது எவ்வளவு இறக்கினால் நன்றாக இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டுதான் அடுத்த வருஷம் மோட்டாருக்குக் கொடுக்க வேண்டிய அட்டவணை. நோட்டு இல்லாமல் மோட்டார் வாங்கினால், எதற்கு எவ்வளவு அசைய வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது.

ஆள் எண்ண கேமரா தேவையில்லை. வாசலில் இடுப்பு உயரத்தில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு அகச்சிவப்புக் கதிர்கள். எது முதலில் மறைபடுகிறது என்பதை வைத்து உள்ளே வந்தவரா, வெளியே போனவரா என்று தெரியும். இரண்டு பேர் தோளோடு தோள் நுழைந்தால் ஒன்றாக எண்ணும். ஆகவே மணிக்கு ஒருமுறை ஒருவர் கண்ணால் எண்ணிச் சரிசெய்ய வேண்டும். பத்துப் பேர் கூடக் குறைய இருந்தால் காதுக்கு வித்தியாசம் தெரியாது.

தக்கலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: சுசீந்திரம் இசைத்தூண்களும் பத்மநாபபுரம் நவராத்திரி மண்டபமும் இந்த வகையில் சேருமா?

தூண்கள் சேரா. தட்டினால் ஒலிக்கும் கல் அது, கருவி. அரங்கு தானாக மாறவில்லை. (தட்டிப் பார்க்கும் ஆசையால் தேய்ந்து கெடுகிற கல் அது. கண்ணால் பார்த்தால் போதும்.) நவராத்திரி மண்டபம் வேறு விதமான பாடம். ஆடுபவருக்கு வழுவழுப்பான கறுப்புத் தளம், அரண்மனைப் பெண்கள் வெளியே தெரியாமல் பார்க்க மரச்சல்லடைத் திரை. யார் எங்கிருந்து பார்க்க வேண்டும் என்பதைச் சுவரே முடிவு செய்கிறது. மாறாத சுவர்தான், ஆனால் பார்வையாளரை நினைத்தே எழுப்பிய சுவர்.

அளவு விஷயத்தில் நாட்டியசாஸ்திரம் இன்னும் நேராகச் சொல்கிறது. மனிதர்களுக்கான நடுத்தர நீள்சதுர அரங்குக்கு 64 முழம் நீளம், 32 முழம் அகலம். முழத்தை 45 செ.மீ. என்று கொண்டால் ஏறக்குறைய 29 மீட்டருக்கு 14.5 மீட்டர். அதில் பாதி பார்ப்பவர்களுக்கு. இதற்கு மேல் பெரிதாக்கினால் குரலும் கேட்காது, முகபாவமும் தெரியாது என்று காரணமும் சொல்லியிருக்கிறது. இன்றைக்கு எல்.இ.டி. திரை வைத்து அந்த எல்லையைத் தாண்டுகிறோம். தாண்டியபின் கூட்டம் திரையைப் பார்க்கிறது, மேடையைப் பார்ப்பதில்லை.

மார்த்தாண்டம், எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் நால்வர்: எங்கள் ஊர்க் கொடைப் பந்தலில் தலைக்கு மேல் 12 பலகைகள் வைத்தோம். கூட்டம் ஆரவாரித்தால் திறக்க வேண்டும். ஈ.எஸ்.பி.32 (சிறு கணினி போர்டு), ஒரு மைக், 12 எம்.ஜி.996ஆர் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்). ஆனால் உடுக்கை அடித்தாலே திறக்கிறது, எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கிறது, பாதியில் போர்டு அணைந்து மறுபடி தொடங்குகிறது. மூன்றுக்கும் தீர்வு சொல்லுங்கள்.

மூன்றும் வேறு வேறு நோய்கள். கடைசியிலிருந்து வருவோம்.

போர்டு அணைவது மின்சாரக் குறை. அந்த சர்வோ தடைபட்டு நின்றால் 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் வரை இழுக்கும். 12-ம் ஒரே நொடியில் கிளம்பினால் 30 ஆம்பியர். சப்ளையில் வோல்ட் சரிந்ததும் ஈ.எஸ்.பி.32 தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், வைஃபை இயங்கும் நேரத்தில் இன்னும் சீக்கிரம். சர்வோக்களுக்கு 6 வோல்ட் 20 ஆம்பியர் தனி சப்ளை, போர்டுக்கு வேறு சப்ளை. இரண்டின் கிரவுண்ட் மட்டும் ஒன்று சேர வேண்டும், அதை மறந்தால் சிக்னல் அலைபாயும். ஒரு நேரத்தில் நான்கு பலகைக்கு மேல் அசையாதபடி நிரலில் வரிசைப்படுத்துங்கள். கண்ணுக்கும் அதுதான் அழகு, அலை போலப் போகும்.

ஒயரையும் பாருங்கள். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 10 மீட்டர் போய்த் திரும்பினால் 20 மீட்டர், தடை சுமார் 0.24 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 வோல்ட் அனுப்பி 4.8 வாங்குகிறீர்கள். 4 சதுர மி.மீ. ஒயர் போட்டால் நஷ்டம் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். சர்வோக்களுக்குச் சிக்னல் கொடுக்கும் பி.சி.ஏ.9685 போர்டைப் பந்தலுக்கு மேலே, சர்வோக்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். அதன் மின் முனையில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று.

நடுக்கத்துக்கு இரண்டு காரணம். ஒன்று இயந்திரத்தில். பலகையின் எடை அச்சுக்கு ஒரு பக்கமாக இருந்தால் சர்வோ சும்மா நிற்கும்போதும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். சூடாகும், உறுமும், ஒரு கொடைக்குள் பல் தேயும். அச்சை எடையின் நடுவில் வையுங்கள். சர்வோவைக் கழற்றிவிட்டு விரலால் பலகையை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இலேசான பக்கத்தில் வாஷர் ஒட்டிச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று நிரலில். மைக்கின் அளவை அப்படியே சர்வோவுக்குக் கொடுத்தால் நடுங்காமல் என்ன செய்யும்? 0.125 விநாடிக்கு ஒரு சராசரி எடுங்கள். அது ஏறும்போது அரை விநாடியில் ஏறட்டும், இறங்கும்போது எட்டு விநாடி எடுத்துக்கொள்ளட்டும். பின்புலச் சத்தத்தைவிட 6 டெசிபல் கூடினால் திற, 3 டெசிபலுக்குக் கீழே வந்தால்தான் மூடு. நடுவில் இருந்தால் இருந்த நிலையிலேயே இரு. ஒருமுறை திறந்தால் குறைந்தது 20 விநாடி.

உடுக்கைக்குத் திறப்பதுதான் சுவையான பிரச்சினை. நீங்கள் கேட்க விரும்புவது குலவையும் கைதட்டும். இரண்டும் பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை. அதற்குக் கீழே உள்ளதை வடிகட்டினால் குடமும் உடுக்கையின் அடியோசையும் போய்விடும். ஆனால் வில்லில் கட்டிய மணிகளும் ஜால்ராவும் அதே மேல்சுருதியில்தான் கிலுங்குகின்றன. வீசுகோல் விழும் ஒவ்வொரு முறையும் உங்கள் பலகை ஏமாறும். ஆகவே ஒரு மைக் போதாது. ஒன்று வில்லுக்குப் பக்கத்தில், இன்னொன்று கூட்டத்துக்கு நடுவே 4 மீட்டர் உயரத்தில் கீழ்நோக்கி. இரண்டின் அளவும் சேர்ந்து ஏறினால் அது மேடை, பேசாமல் இரு. கூட்டத்து மைக் மட்டும் ஏறினால் அது கூட்டம், பதில் சொல். இரண்டு மைக்குக்கும் நடுவே 12 மீட்டர் இருந்தாலும் ஒலிக்கு 35 மில்லி விநாடிதான். உங்கள் 125 மில்லி விநாடி சராசரி அதை விழுங்கிவிடும், தனியாக நேரம் சரிசெய்ய வேண்டியதில்லை. குலவையைக் கைதட்டிலிருந்து பிரிக்க வேண்டுமானால், இடைவிடாமல் மூன்று விநாடிக்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்காதது. சர்வோ அசையும் கிர்ர் சத்தம் மைக்கில் விழுந்து, அதைக் கூட்டம் என்று நினைத்துப் பலகை மறுபடி அசையும். அசையும்போதும் அசைந்து முடித்த 0.3 விநாடி வரையும் மைக்கின் காதை மூடிவிடுங்கள். இதைவிடப் பெரிய வளையம் மனிதர் வழியாக வரும். பலகை திறந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் தட்டுவார்கள், தட்டியதற்குப் பலகை திறக்கும், கடைசியில் கதை கேட்க ஆள் இருக்காது. முதல் பதிலில் சொன்ன ‘சலிப்பு’ இங்கேதான் கை கொடுக்கும். ஐந்து நிமிடத்தில் மூன்று முறைக்கு மேல் திறந்திருந்தால் திறப்பதற்கான வரம்பை 6-லிருந்து 12 டெசிபலுக்கு உயர்த்துங்கள்.

ஆரல்வாய்மொழி, பந்தல் தொழிலாளி: துணிப் பாய்களை மோட்டாரில் விரித்துச் சுருட்டும் பந்தல் கேட்கிறார்கள். எங்கள் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரியும். தாங்குமா?

உங்கள் தயக்கம் சரி. கணக்கு இது: காற்றின் அழுத்தம் = 0.6 × வேகத்தின் வர்க்கம். வேகம் விநாடிக்கு மீட்டரில், அழுத்தம் சதுர மீட்டருக்கு நியூட்டனில். ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதியில் உள்ள சூத்திரம். 4 மீட்டருக்கு 3 மீட்டர் துணி ஒன்று, 12 சதுர மீட்டர். விநாடிக்கு 10 மீட்டர் காற்றில், அதாவது மணிக்கு 36 கி.மீ., அதன் மேல் 73 கிலோ தள்ளு. 20 மீட்டரானால் 294 கிலோ. வேகம் இரண்டு மடங்கு, தள்ளு நான்கு மடங்கு. துணி படபடக்கத் தொடங்கினால் உதறலில் இதற்கும் மேலே போகும். முளையைப் பிடுங்குவது அந்த உதறல்தான்.

ஆகவே காற்றுமானி இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பந்தலின் உச்சியைவிட 2 மீட்டர் மேலே, துணியின் மறைவில் இல்லாமல் வைக்க வேண்டும். காற்று விநாடிக்கு 8 மீட்டர் தொட்டால் சுருட்டத் தொடங்கு, 12 தொட்டால் எல்லாம் சுருண்டிருக்க வேண்டும். யார் கை வைத்தாலும் மாறாத கட்டளையாக அது நிரலில் இருக்கட்டும். கூட்டத்தின் ஆரவாரம் எதுவும் இதைத் தாண்டக் கூடாது.

அடுத்தது கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது. விலை குறைந்த மோட்டார்களில் புழுப்பல் கியர் இருக்கும். கரண்ட் போனால் துணி விரிந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும், கையால் தள்ளினாலும் அசையாது. காற்று ஏறும்போதுதான் கரண்ட் போகும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துணியின் நுனியை மின்காந்தக் கொக்கியில் மாட்டுங்கள். எதிர்ப்புறத்தில் மணல் மூட்டை எடை. கரண்ட் இருக்கும்வரை கொக்கி பிடிக்கும், போனால் விட்டுவிடும், எடை இறங்கித் துணியைச் சுருட்டும். எடை இறங்கும் வழியில் யாரும் உட்காராதபடி மூங்கில் தட்டியால் அடைத்துவிடுங்கள்.

கயிறு: நைலான் ஈரத்தில் நீளும், இழுத்துக் கட்டிய பாய் மழை பெய்ததும் தொய்ந்து தண்ணீர் தேங்கும். பாலியெஸ்டர் நீளாது. தலைக்கு மேல் தொங்குகிற எதற்கும் வேலைச்சுமையைப் போல் பத்து மடங்கு தாங்கும் கயிறு, அதோடு தளர்வாக இன்னொரு காப்புக் கயிறு. வேலையை ஆடி மாதத்தில் கேட்டால், பாயை விட்டுவிட்டு ஓலைப் பந்தலே போடச் சொல்லி அவர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

தோவாளை பக்கம், வில்லிசைக் குழுவினர்: போன கொடையில் பந்தலில் அசைகிற விளக்கும் பலகையும் வைத்தார்கள். சனங்கள் அண்ணாந்து அதையே பார்த்தார்கள். அம்மன் கதையில் அழுகைக் கட்டம் வரும்போது தலைக்கு மேல் ஒரு பலகை திறந்தது. பாட்டே அற்றுப்போனது. இதெல்லாம் தேவைதானா?

அந்த இடத்தில் பலகை திறந்தது பெரிய தப்பு. செய்தவர்கள் உங்களிடம் கதையைக் கேட்காமல் செய்திருக்கிறார்கள்.

தேவை இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். கொடையில் நீங்கள் சன்னதியைப் பார்த்து உட்கார்ந்து பாடுகிறீர்கள். கூட்டம் இரண்டு பக்கமும் சுற்றி இருக்கிறது. பாட்டு உச்சத்துக்குப் போய்ச் சாமி வந்து ஆடும்போது என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். யாரும் சொல்லாமல் கூட்டம் விலகுகிறது. முன்னால் இருந்த பிள்ளைகளைத் தாய்மார் மடிக்கு இழுக்கிறார்கள். நடுவில் ஒரு வட்டம் பிறக்கிறது. ஆட்டம் அடங்கியதும் வட்டம் மறுபடி மூடிக்கொள்கிறது. அந்தக் கூட்டத்தைவிடச் சிறந்த பதில் தரும் கட்டடத்தை எந்தப் பொறியாளரும் இதுவரை கட்டவில்லை. பந்தல் செய்ய வேண்டியதெல்லாம் அந்த வட்டத்துக்கு இடைஞ்சல் செய்யாமல், கொஞ்சம் உதவுவது. நடுவில் கால் நடாமல் 6 மீட்டர் இடைவெளியாவது விடுவது. பந்தம் பிடித்து ஆடும் இடத்துக்கு மேலே 4 மீட்டருக்குக் கீழ் எந்தத் துணியும் இல்லாமல் வைப்பது. வட்டம் விரியும்போது மேலே உள்ள புகைவாய் திறப்பது. திறந்தது யார் கண்ணிலும் படாது, ஆனால் மூச்சு முட்டாது.

அசைகிற பொருள் எதுவாக இருந்தாலும் அடுத்த முறை பந்தல் போடுபவர்களிடம் இப்படிக் கேளுங்கள். கூட்டம் உங்களைப் பார்க்கும் பார்வைக் கோட்டுக்குள் ஒன்றும் அசையக் கூடாது. முழுதும் திறக்க 15 விநாடியாவது எடுக்க வேண்டும், அதைவிட வேகமான அசைவு கண்ணை இழுக்கும். கதையின் எந்தெந்த இடத்தில் பந்தல் ஊமையாக இருக்க வேண்டும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட, புலவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு நிறுத்து பொத்தான் வேண்டும். அழுத்தினால் எல்லாம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஒயர் இயல்பில் இணைந்திருந்து, அழுத்தினால் துண்டிக்கும் வகையாக அது இருக்கட்டும். அப்போதுதான் யாராவது காலிடறி ஒயர் அறுந்தாலும் பந்தல் நிற்கும், தறிகெட்டு ஓடாது.

பாரிசில் இர்காம் நிறுவனத்தின் ஒலியரங்கில், 1978-ல் திறந்தது, சுவரெல்லாம் சுழலும் பட்டைகள். ஒரு முகம் ஒலியை உறிஞ்சும், ஒன்று திருப்பும், ஒன்று சிதறடிக்கும். எதிர்முழக்கத்தை 0.4 விநாடியிலிருந்து 4 விநாடி வரை மாற்றலாம். அத்தனையும் இசைக்காகத்தான். எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு வாசிப்பவர் பக்கம் இருக்கிறது. உங்கள் பந்தலிலும் அது உங்களிடம் இருப்பதில் எந்தத் தவறும் இல்லை.

மணவாளக்குறிச்சி, மாணவர்: முகத்தைப் படிக்கும் கேமரா வைத்தால் கூட்டம் ரசிக்கிறதா என்று துல்லியமாகத் தெரியாதா?

வைக்காதீர்கள். சாமி கும்பிட வந்தவரின் முகத்தை அவருக்குத் தெரியாமல் பதிவது முறையில்லை. பந்தல் வெளிச்சத்தில் அது சரியாகவும் வேலை செய்யாது. அழுகிறவரும் ரசிக்கிறவர்தான் என்பது அந்த நிரலுக்கு எப்படித் தெரியும்? எண்ணிக்கை, சத்தம், தரையில் அதிர்வு, இந்த மூன்றும் போதும்.

குளச்சல், கோவில் திருவிழா இளைஞர் குழு: கடற்கரை மைதானத்தில் மேடை. பின்னால் 45 மீட்டரில் இரண்டாவது ஸ்பீக்கர், அதோடு கூட்டத்துக்கு ஏற்ப மாறும் விளக்குத் தூண்கள். பின்னால் இருப்பவர்களுக்கு இரட்டைக் குரல் கேட்கிறது. ஒரு வருஷம் ஓடிய கருவி அடுத்த வருஷம் ஓடவில்லை.

30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 349 மீட்டர் போகும். 45 மீட்டருக்கு 129 மில்லி விநாடி. பின் ஸ்பீக்கரை 129-ஓடு 10 முதல் 15 சேர்த்துத் தாமதியுங்கள். அந்தச் சிறு பாக்கியால் குரல் மேடையிலிருந்து வருவதாகவே காது நம்பும். தூண்களின் விளக்கையும் மேடையோடு ஒரே நொடியில் மாற்றாமல், ஒவ்வொரு தூணுக்கும் அதன் தூரத்துக்குரிய தாமதம் கொடுங்கள். 15 மீட்டர் தூணுக்கு 43, 30 மீட்டர் தூணுக்கு 86. ஒளியும் ஒலியும் சேர்ந்து கூட்டத்தின் மேல் உருண்டு வரும்.

கருவி சாவது உப்பால். கடல்காற்றில் ஈரத்தோடு உப்பு உள்ளே போய், சர்க்யூட் பலகையில் பச்சை படர்ந்து தடங்களை அரிக்கிறது. பலகைகளுக்குக் காப்புப் பூச்சு தெளியுங்கள், இணைப்பு முனைகளை மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு. பெட்டியின் வாய் கீழ்நோக்கி, ஒயர் உள்ளே நுழையும் முன் ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். திருகாணி 316 வகை ஸ்டெயின்லெஸ். அதை அலுமினியச் சட்டத்தில் நேராக முடுக்கினால் அலுமினியம்தான் அரிக்கும், நடுவே நைலான் வாஷர் போடுங்கள். திருவிழா முடிந்த மறுநாளே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, முழுதும் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். அடுத்த வருஷம் கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, ஒவ்வொரு இணைப்பையும் மூன்று முறை கழற்றி மாட்டிய பிறகு கரண்ட் கொடுங்கள்.